வெனிஸ் நாவலில் புருனெட்டி செய்தது சரியா? (கதையின் முடிவைச் சொல்லித்தான் பேசுகிறோம்)

வாசுகி_கத்ர்போர்ன்

எல்லோருக்கும் வணக்கம். டொன்னா லியோன் எழுதிய ‘டெத் அட் லா ஃபெனீச்சே’ படித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் 1992இல் வந்த நாவல், நான் படித்தது பிரெஞ்சில், பழைய புத்தகக் கடையில் கிடைத்த பாக்கெட் பதிப்பு. தமிழ் வகுப்பு முடிந்ததும் நாங்கள் சில பெண்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து மாதம் ஒரு புத்தகம் பேசுவது வழக்கம். இந்த மாதம் இதை எடுத்தோம், பேச்சு சூடாகி ஆளுக்கொரு பக்கமாக நின்றுவிட்டோம், காவடி வேலைகளைப் பற்றிப் பேச வேண்டிய நேரமும் இதிலேயே போய்விட்டது. முடிவைச் சொல்லாமல் என் கேள்வியைக் கேட்க முடியாது, அதனால் படிக்கப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெனிஸில் லா ஃபெனீச்சே அரங்கில் ‘லா திராவியாத்தா’ ஓபரா நடக்கிறது. கடைசி அங்கத்துக்கு மணி அடித்தாயிற்று, கூட்டம் வந்து உட்கார்ந்தாயிற்று, இசைக்குழுவை நடத்தும் வெல்லாவர் மட்டும் வரவில்லை. ஒருவர் மேடைக்கு வந்து, அவருக்கு உடம்பு சரியில்லை, இங்கே டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறார். உள்ளே அறையில் மனிதர் செத்துக் கிடக்கிறார், காபியில் சயனைடு. உலகமே கொண்டாடிய ஜெர்மன்காரர். விசாரிக்க வரும் போலீஸ் அதிகாரி புருனெட்டி போகிற இடமெல்லாம் இந்த மேதையை உள்ளூர வெறுத்தவர்களைத்தான் பார்க்கிறார்.

கடைசியில் பார்த்தால் அவரை யாரும் கொல்லவில்லை. மனைவி ஒரு டாக்டர். முதல் கல்யாணத்தில் பிறந்த தன் மகளிடம் இவர் நடந்துகொண்ட விதம் அவளுக்குத் தெரியவருகிறது. வைட்டமின் ஊசி என்று சொல்லிக் காதைக் கெடுக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டு வருகிறாள். இசையே உயிரான மனிதருக்குக் காது போகிறது. விஷயம் புரிந்ததும் அவரே விஷம் குடிக்கிறார், அதுவும் பழி மனைவி மேல் விழும்படி ஏற்பாடு செய்துவிட்டு. புருனெட்டி இவ்வளவையும் கண்டுபிடித்த பிறகு, காது போன துயரத்தில் தற்கொலை என்று அறிக்கை எழுதி முடித்துவிடுகிறார். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் செய்தது சரியா? நான் சரி என்று சொல்கிற கட்சி. ஆனால் எங்களில் ஒருத்தி, ‘போலீஸ்காரன் தனக்குப் பிடித்தவர்களை விட்டுவிடலாம் என்றால் பிடிக்காதவர்களை என்ன செய்வான்?’ என்று கேட்டாள், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

முத்து_வாக்வா

நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், என் பார்வை அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. உங்கள் தோழி கேட்டதுதான் சரியான கேள்வி.

இத்தாலியில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் ஊரில் இருந்துகொண்டு படிக்கும்போது முழுதாகத் தெரியாது. மொரீஷியஸில் வழக்குத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் டி.பி.பி.க்கு, அதாவது அரசு வழக்குகளின் இயக்குநருக்கு, இருக்கிறது, அரசியலமைப்பின் 72ஆம் பிரிவே அதைக் கொடுக்கிறது. தொடங்கிய வழக்கைக்கூட அவர் நிறுத்தலாம். இத்தாலியில் அப்படி இல்லை. அவர்களுடைய அரசியலமைப்பின் 112ஆம் பிரிவு, அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்கிறது. முசோலினி காலத்தில் யார் மேல் வழக்கு, யார் மேல் இல்லை என்பதை மேலிடம் தீர்மானித்ததைப் பார்த்தவர்கள் 1948இல் கொண்டுவந்த அரசியலமைப்பு அது, காரணமில்லாமல் எழுதவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் அரசு ஊழியர் தெரிவிக்காமல் இருந்தால் அதுவே அங்கே தனிக் குற்றம். ஆக புருனெட்டி இரக்கப்பட்டார் என்று மட்டும் சொல்லி நகர முடியாது, அவர் சட்டத்தை மீறினார்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் என்ன சொல்கிறார்? குற்றத்தை ஆராய்ந்து, யாரிடத்திலும் தாட்சண்யம் பார்க்காமல், நடுவு நிலையில் நின்று செய்வதுதான் முறை என்கிறார். யாரிடத்திலும் என்றால் நமக்குப் பிடித்த ஏழைத் தாயும் அதில் அடக்கம்.

இத்தனைக்கும் நாவலை நான் ரசித்துத்தான் படித்தேன். மேலதிகாரி பாத்தா வரும் இடங்கள் எல்லாம் நிஜம். பத்திரிகையில் என்ன வரும், மேயர் என்ன சொல்வார் என்பதைத் தவிர வேறு கவலையே இல்லாத அதிகாரி, இப்படிப்பட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

தேவகி_செவிலி

முத்து ஐயா, அவள் ஏழைத் தாய் இல்லை, வசதியான டாக்டர்! அதுதான் எனக்கு உறுத்தல்.

நான் நர்ஸ், காசநோயாளிகளோடு வேலை செய்திருக்கிறேன், அதனால் ஊசி விஷயத்தைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர் கற்பனையாக எதையும் ஏற்றவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின், ஜென்டாமைசின் என்று வரும் அந்த மருந்துக் குடும்பத்துக்கே இந்தக் குணம் உண்டு. உள் காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது, அதற்குள் மெல்லிய முடி போன்ற அணுக்கள். மருந்து அவற்றைக் கொன்றுவிட்டால் மறுபடி முளைக்காது. முதலில் போவது உச்ச ஒலி. சாதாரண ஆளுக்கு அது ஆரம்பத்தில் தெரியவே தெரியாது, பேச்சு கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது. குருவிச் சத்தம் கேட்காது, போன் மணி கேட்காது, அப்புறம் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று எரிச்சல் வரும். வார்டில் ஒரு பெரியவர் ‘இந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேச மாட்டேன் என்கிறார்கள்’ என்று தினமும் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். காது சோதனை எடுத்துப் பார்த்தபோது வரைபடத்தின் வலது பக்கம் அப்படியே சரிந்து கிடந்தது. உயிரைக் காப்பாற்ற வேறு வழி இல்லாத காலத்தில் கொடுத்த மருந்து அது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கனாமைசின் வேண்டாம், மாத்திரைகளுக்கு மாறுங்கள் என்று சொன்னபோது எங்களுக்கெல்லாம் எவ்வளவு நிம்மதி.

இப்போது வெல்லாவரை நினைத்துப் பாருங்கள். வயலினும் புல்லாங்குழலும் முதலில் மங்கும். முன்னால் அத்தனை பேர் வாசிக்கிறார்கள், இவருக்கு மட்டும் பாதிதான் வருகிறது, யாரிடமும் சொல்ல முடியாது. ஊசி போடுகிற கை வீட்டிலேயே இருக்கிறது.

அந்த ஆள் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது, அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் கோபத்தில் கத்தியை எடுத்தவளாக அவளை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் மருந்து தெரிந்தவள், அளவு தெரிந்தவள், ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சை எடுத்து, குப்பியில் குத்தி, காற்றை வெளியேற்றி, சட்டைக் கையை மடித்துவிடச் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் நிறுத்தியிருக்கலாம். நோயாளி கையை நீட்டும்போது நம்பித்தான் நீட்டுகிறார், அந்த நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. ஜெயிலுக்கு அனுப்பாமல் விட்டது எனக்குச் சம்மதம்தான். ஆனால் டாக்டர் வேலையை அவள் இனி செய்யக் கூடாது என்று ஒரு வரி நாவலில் எதிர்பார்த்தேன்.

நிலா_ரோஸ்ஹில்

எனக்கு முடிவு பிடிக்கவில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. துப்பறியும் நாவல் என்று வாங்கினேன், கொலைகாரர் யார் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன், கடைசியில் கொலையே இல்லை என்றால் எப்படி? பாடகி ஃப்ளாவியாவா, ஓபராவின் இயக்குநரா என்று நான் போட்ட கணக்கெல்லாம் வீண்.

இன்னொன்று, புருனெட்டி வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார், வருகிறார், மறுபடி போகிறார். மனைவி பவோலா ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறாள், அவள் அப்பா பெரிய பிரபு, பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தக் குடும்பம் பிடித்தது, ஆனால் விசாரணை எங்கே நகர்கிறது? ஒரு துரத்தல்கூட இல்லை.

கப்பல்காரன்_மாஎபூர்

நிலா தங்கச்சி, வெனிஸில் எங்கே போய்த் துரத்துவது? கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, போலீஸ் என்றால் படகு, இல்லாவிட்டால் நடை. புருனெட்டி நடந்துகொண்டே இருப்பதைப் பக்கத்தை நிரப்ப எழுதியதாக நினைக்காதீர்கள். அந்த ஊரில் வேலை அப்படித்தான் நடக்கும், நடக்கும்போதுதான் யாரையாவது பார்ப்பார்கள், ஒரு காபி குடிப்பார்கள், சேதி கிடைக்கும்.

நான் உல்லாசக் கப்பலில் உணவுப் பிரிவில் வேலை செய்தவன், நம் பையன்கள் நிறைய பேர் போகிற வேலைதான். வெனிஸுக்குள் கப்பல் நுழையும்போது ஜூதெக்கா கால்வாய் வழியாகத்தான் போவோம். கப்பலின் மேல்தளம் வீட்டுக் கூரைகளைவிட உயரத்தில் இருக்கும், ஒரு பக்கம் பேர்பெற்ற சான் மார்க்கோ சதுக்கம், பயணிகள் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிவிடுவார்கள். எனக்குத் தட்டுகளை எடுக்கும் வேலை எப்போதும் மறுபக்கம், அதாவது ஜூதெக்கா தீவுப் பக்கம். அங்கே யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஜன்னலில் துணி காயும், ஒரு கிழவி எங்களை வெறித்துப் பார்ப்பாள். ஒரு முனையில் பெரிய செங்கல் மாவு ஆலை, இப்போது அது ஹோட்டல். 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் அந்தக் கால்வாயில் வரக் கூடாது என்று அரசு நிறுத்திவிட்டது, நல்லது, நாங்கள் போகும்போதே அந்தக் கரையைப் பார்க்க மனசு சங்கடப்படும்.

அந்த ஜூதெக்காவில்தான் நாவலின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். புருனெட்டி அங்கே ஒரு பழைய பாடகியைப் பார்க்கப் போவாரே, க்ளெமென்ட்சா சந்தீனா? ஒரு காலத்தில் பேர் பெற்றவள், இப்போது குளிரில் உறையும் வீட்டில் வறுமையில் கிடக்கிறாள். அவளுடைய தங்கைக்கு வெல்லாவர் என்ன செய்தார் என்று அவள் சொல்கிறாள். தங்கை அப்போது குழந்தை. இது போருக்கு முந்தைய கதை. தங்கை செத்துப்போனாள், அக்காவின் பாட்டு வாழ்க்கையும் போனது. அவர் மட்டும் மேலே மேலே போனார், கைதட்டல் வாங்கினார், நாஜிக் காலத்தையும் தாண்டி வந்து மறுபடி கைதட்டல் வாங்கினார்.

எனக்கு முடிவு அங்கேயே எழுதப்பட்டதாகத் தோன்றியது. மனைவி வீட்டுக்குப் புருனெட்டி கடைசியாகப் போகும்போது அந்தக் கிழவி சொன்னதையும் கூடவே கொண்டுதான் போகிறார். முன்பும் ஒரு குழந்தை இருந்தது, அப்போதும் சட்டம் இருந்தது, யாரும் வரவில்லை. முத்து ஐயா, சட்டம் இத்தனை வருஷமாக எங்கே இருந்தது என்று நீங்களும் சொல்லுங்கள்.

நிலாவுக்கு ஒன்று: குறிப்புகள் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே கிடக்கின்றன. வெல்லாவர் நடத்தும் இசை முன்னைப்போல் இல்லை என்ற பேச்சு வருகிறதே, வயசாகிவிட்டது என்று நாமும் சேர்ந்து கடந்துவிடுகிறோம். இரண்டாவது தடவை படித்தால் வேறு நாவலாகத் தெரியும்.

முத்து_வாக்வா

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அன்றைக்குச் சட்டம் தோற்றது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது தோற்றது எதனால்? அதிகாரத்தில் இருந்தவர்கள் ஒரு பெரிய மனிதரின் பேரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டதால். இப்போது புருனெட்டியும் வாயை மூடிக்கொள்கிறார், நல்ல மனசோடு என்றாலும் மூடிக்கொள்கிறார். அதன் விளைவைக் கவனியுங்கள்: வெல்லாவர் சாகும்போதும் மேதையாகவே சாகிறார். காது போனதால் மனம் உடைந்த கலைஞன் என்று உலகம் அழும், அரங்குகளில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தும். க்ளெமென்ட்சா அந்தக் குளிர்ந்த வீட்டில் அதையும் கேட்க வேண்டும். அவளுக்கு நியாயம் கிடைத்ததா?

வாசுகி_கத்ர்போர்ன்

முத்து ஐயா, இந்தக் கோணத்தில் எங்கள் மண்டபத்தில் யாருமே பேசவில்லை. அவருடைய பேர் கெடாமல் போகிறது என்பது எனக்கும் வலிக்கிறது.

ஆனாலும் நான் என் பக்கத்திலேயே நிற்கிறேன், அதற்கான காரணத்தை நீங்களே கொடுத்தீர்கள். நம் ஊர் போலீஸ்காரர் ஒருவர் இந்தக் கோப்பை முழுதாக எழுதி மேலே அனுப்பலாம், டி.பி.பி. எல்லாவற்றையும் பார்த்து வேண்டாம் என்று நிறுத்துவார் என்ற நம்பிக்கையாவது இருக்கும். இத்தாலியில் அந்த ஜன்னல் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். கோப்பு போனால் வழக்கு வந்தே தீரும். வழக்கு வந்தால் முதலில் கூண்டில் நிற்பது யார்? இறந்தவரை நிறுத்த முடியாது. தாய் ஏன் ஊசி போட்டாள் என்று நிரூபிக்க மகள்தான் வந்து பேச வேண்டும். உலகப் புகழ் பெற்றவரின் வழக்கு, எல்லாப் பத்திரிகையும் வாசலில் நிற்கும். தாய்க்கு இரக்கம் காட்டுவது ஒரு பங்கு என்றால், அந்தப் பிள்ளையை அங்கே நிறுத்தக் கூடாது என்பது மூன்று பங்கு. புருனெட்டிக்கும் வீட்டில் மகள் இருக்கிறாள், கியாரா, அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சிகள் எல்லாம் சும்மா வைக்கப்படவில்லை, நிலா.

வெல்லாவர் போட்ட திட்டமும் அதுதானே? தான் செத்தாலும் அவளைச் சிறைக்கு அனுப்ப வேண்டும், சட்டமே தன் கைக்கருவியாக வேலை செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார். புருனெட்டி உண்மையை அப்படியே எழுதியிருந்தால் கொலைப் பழி அவள் மேல் விழாது, சரி, ஆனால் அவர் விரும்பிய அழிவு வேறு வழியில் நடந்து முடிந்திருக்கும்.

குறளைச் சொன்னீர்கள், செங்கோன்மைக்கு மூன்று அதிகாரம் தள்ளிக் கண்ணோட்டத்துக்கும் ஒரு அதிகாரம் இருக்கிறது, அதுவும் அரசியலுக்குள்ளேதான். செய்ய வேண்டிய காரியம் கெடாமல் இரக்கம் காட்டத் தெரிந்தவனுக்கு இந்த உலகமே உரிமை என்கிறார். காரியம் கெடாமல் என்பதுதான் நம் தகராறு, அது எனக்கும் தெரியும். அந்தச் சாவு எப்படி நடந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் புருனெட்டியின் காரியம், அதை அவர் கண்டுபிடித்தார். நிரபராதி ஒருவர்கூட மாட்டவில்லை.

தேவகி அக்கா, நீங்கள் சொன்ன அந்தச் சிரிஞ்சு மட்டும் என்னை விடவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தேவகி_செவிலி

பதில் வேண்டாம் வாசுகி. உன் பக்கம் பாதிக்கு மேல் வந்துவிட்டேன், மகள் விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி. அப்படிப்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். முதலில் டாக்டரிடம், அப்புறம் போலீசிடம், அப்புறம் அதிகாரியிடம் என்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள், ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் சின்னதாகும். ஊசி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிலா_ரோஸ்ஹில்

கப்பல்கார அண்ணா சொன்னதற்காக முதல் பகுதியை மறுபடி புரட்டினேன். உண்மைதான், எல்லாம் அங்கேயே இருக்கிறது. ஆனால் கொலைகாரர் இல்லாத கதையைத் துப்பறியும் கதை என்று ஏற்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை, அது என் ருசி.

அரங்கத்தைப் பற்றித் தேடிப் படித்ததில் ஒன்று கிடைத்தது. ‘லா திராவியாத்தா’ 1853இல் முதன்முதலாக அரங்கேறியதே இதே லா ஃபெனீச்சேயில்தான். நாவல் வந்து நாலு வருஷத்தில், 1996 ஜனவரியில், அந்த அரங்கம் எரிந்து போயிருக்கிறது. பக்கத்துக் கால்வாயைத் தூர்வாருவதற்காகத் தண்ணீரை வடித்திருந்தார்களாம், தீயணைப்புப் படகு கிட்டே வரவே முடியவில்லை. உள்ளே வேலை செய்த இரண்டு மின்பணியாளர்கள், வேலை தாமதமானதற்கு அபராதம் கட்டாமல் தப்பிக்கத் தீ வைத்தார்கள் என்று நீதிமன்றம் தண்டித்திருக்கிறது. 2003 டிசம்பரில் பழைய மாதிரியே கட்டித் திறந்துவிட்டார்கள். நாவலில் புருனெட்டி படியேறும் அரங்கம் இப்போது இல்லை என்று நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது. நம் போர்ட் லூயிஸ் நாடக அரங்கமும் 1822இலிருந்து நிற்கிறது, அங்கேயும் அந்தக் காலத்தில் பிரெஞ்சு ஓபராக் குழுக்கள் வந்திருக்கின்றன, அதை வைத்து யாராவது ஒரு கதை எழுதக் கூடாதா?

கப்பல்காரன்_மாஎபூர்

எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஃப்ளாவியாவும் அவள் தோழியும் பிடித்திருந்தால் ‘அக்வா ஆல்டா’, 1996இல் வந்தது, இருவரும் அதில் திரும்ப வருகிறார்கள், ஊருக்குள் கடல்நீர் ஏறும் நாட்களில் நடக்கும் கதை. முத்து ஐயாவுக்கு மட்டும் இரண்டாவது நாவல், ‘டெத் இன் எ ஸ்ட்ரேஞ்ச் கன்ட்ரி’. கால்வாயில் ஓர் அமெரிக்க ராணுவ ஆளின் பிணம், பின்னால் நச்சுக் கழிவு. சட்டத்தை நம்பி நிற்கிறவர் அதன் முடிவைப் படித்துவிட்டு என்ன சொல்வார் என்று எனக்குக் கேட்க வேண்டும்.

முத்து_வாக்வா

படிக்கிறேன் தம்பி. ஆனால் என் நிலை இதுதான், அது மாறாது: புருனெட்டி நல்லவர், அந்த முடிவும் ஒருவேளை நல்ல முடிவு, ஆனால் ஒரு தனி ஆள் கதவைச் சாத்திக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவு இல்லை. பாத்தா மாதிரி ஒருவர் நாளைக்கு அதே கதவைச் சாத்துவார்.

வாசுகி, அந்த இரண்டாவது நாவல் பிரெஞ்சில் யாரிடமாவது இருக்கிறதா? என் கண்ணுக்கு ஆங்கில பாக்கெட் பதிப்பின் எழுத்து மிகச் சின்னது.

வாசுகி_கத்ர்போர்ன்

எங்கள் குழுவில் ஒருத்தியிடம் இருக்கிறது ஐயா, வாங்கி வைக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்துக்குக் கோயில் பக்கம் வாருங்கள், அந்தக் கேள்வியைக் கேட்டவளும் இருப்பாள், உங்கள் கட்சிக்கு ஒரு ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுவாள்.